ஏழாவது நிபந்தனை

மார்ச் 3

ஜட்ஜ் தம்பிக்கு,

கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆனதோ என்று பயந்திருப்பாய். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் பேசியிருக்கலாம். ஆனால் பகலெல்லாம் லாண்டரியில் மெஷின் இரைச்சல், ராத்திரி வீட்டில் உன் அத்தான். அன்றைக்கு நீ பாதிச் சாப்பாட்டில் தட்டை விட்டு எழுந்து போனதிலிருந்து, உன் பேரை எடுத்தாலே டிவி சத்தத்தைக் கூட்டிவிடுகிறார். வங்கி மேனேஜரிடம் எங்களுக்காக ஒரு வார்த்தை சொல்லு என்று அவர் கேட்டது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். அதற்கு முடியாது என்று உட்கார்ந்தபடியே சொல்லியிருக்கலாமே. அந்தத் தட்டைக் கழுவினவள் நான். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் தொழில் உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை இன்றைக்கு வெளுத்துக் கொடுத்தால், பணம் மூன்று மாதம் கழித்து வரும். வேலை செய்கிற பெண்களுக்குச் சனிக்கிழமைதோறும் கூலி. பாய்லருக்கு எரிபொருளும் கடனுக்குக் கிடைக்காது. நடுவில் இருக்கும் பள்ளத்தை இத்தனை வருஷமாக வங்கியின் ஓவர்டிராஃப்ட்தான் நிரப்பிக்கொண்டிருந்தது. இரண்டு வங்கிகள் மூடி, ஜனங்கள் வாசலில் வரிசை கட்டி அழுததை டிவியில் பார்த்தோம். எங்கள் வங்கியை அரசாங்கம் பணம் போட்டுக் காப்பாற்றியது. அப்பாடா என்று மூச்சு விட்டோம். அடுத்த வாரமே எங்கள் ஓவர்டிராஃப்ட் வரம்பைப் பாதியாக வெட்டிவிட்டார்கள். கேட்டால், "மேலிடத்து உத்தரவுங்க, இப்ப யாருக்குமே கொடுக்கிறதில்ல" என்கிறார் மேனேஜர். காப்பாற்றப்பட்டது யார் என்று எனக்குப் புரியவில்லை.

பிறகு நீ வேலை பார்க்கும் நிதித்துறையின் திட்டம் வந்தது. சிறு தொழில்களுக்கு வங்கி கடன் கொடுக்கட்டும், திரும்பி வராவிட்டால் அரசாங்கம் ஏற்கும் என்று அமைச்சர் சொன்னார். அத்தான் இஸ்திரி போட்ட சட்டையில், என்னையும் கூட்டிக்கொண்டு வங்கிக்குக் கிளம்பினார். லாண்டரிக்காரர் வீட்டில் இஸ்திரிச் சட்டை அபூர்வம், உனக்கே தெரியும். மேனேஜர் தாளைப் புரட்டி ஒரு வரியில் விரலை வைத்தார். "ஏழாவது நிபந்தனைம்மா. ரெண்டு வருஷத்துல ஒரு தவணைகூட தாமதமாகியிருக்கக் கூடாது. உங்க மெஷின் கடன்ல ஒண்ணு இருக்கே."

ஒன்றே ஒன்று. பத்துப் பன்னிரண்டு நாள் தள்ளிக் கட்டினோம். அதற்காகக் கதவைச் சாத்திவிட்டார்கள். அந்த ஏழாவது நிபந்தனையை எழுதிய புண்ணியவான், வீட்டுச் செலவுக்கு ஒருநாள்கூட கையைப் பிசையாதவனாக இருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரி ஒப்பந்தம் மே மாதக் கடைசியில் முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமானால் நடைமுறைச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று வங்கியின் கடிதம் வேண்டும். அது இல்லையென்றால் லாண்டரி இல்லை. நான் சிபாரிசு கேட்கவில்லை, கோபப்படாதே. வேறு வழி உண்டா என்று மட்டும் சொல்.

உன் மகன் வாண்டு இப்போது ஓடுகிறானா?

அக்கா

*

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

அந்தப் புண்ணியவான் நான்தான்.

திட்டத்தின் நிபந்தனைகளை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். ஏழாவது முழுக்க முழுக்க என்னுடையது. அமைச்சர் அவையில் அதைத்தான் எடுத்துப் படித்தார். அதற்கு ஏன் அவசியம் வந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். அரசு ஜாமீன் நிற்கிறது என்று தெரிந்ததுமே, வங்கிகள் தங்களிடம் ஏற்கெனவே அழுகிக் கிடக்கும் கடன்களையெல்லாம் புதுக்கடன் என்று பேர் மாற்றி எங்கள் தலையில் கட்டப் பார்த்தன. அப்படிக் கட்டினால் வரி கட்டுகிறவன் பணம் போகும், நேர்மையான வியாபாரிக்கு ஒன்றும் மிஞ்சாது. ஒழுங்காகக் கட்டியவர் யார், கட்டாதவர் யார் என்று பிரிக்க ஒரு கோடு வேண்டியிருந்தது. அந்தக் கோட்டை நான் போட்டேன். அது தப்பென்று இன்னமும் நினைக்கவில்லை.

கையைப் பிசைந்ததில்லை என்று எழுதியிருக்கிறாய். போன வருஷம் வாண்டு ஆஸ்பத்திரியில் கிடந்த மாதத்தில்கூட நான் வீட்டுக் கடன் தவணையைத் தவறவிட்டதில்லை. மனம் வைத்தால் முடியும் என்பதற்காகச் சொல்கிறேன். நீ நாள் தவறுகிறவள் இல்லையே. எப்படி விட்டாய்? எந்த மாதம்? வங்கியின் பிழையாக இருந்தால் ஆதாரத்தோடு எழுது. அப்படியானால் திருத்தச் சொல்ல உனக்கு உரிமை உண்டு, அதற்கு என் தயவு தேவையில்லை.

அத்தான் விஷயம். அவர் கேட்டதை நான் செய்திருந்தால், அடுத்து யாருடைய மனுவையும் நிமிர்ந்து பார்த்துப் படிக்க என்னால் முடியாது. தட்டை விட்டு எழுந்தது தப்பு. அதை அவரிடம் சொல்.

வாண்டு ஓடுகிறான். பக்கத்து வீட்டுக் கதவுமணியை அடித்துவிட்டு ஓடுகிறான்.

உன் தம்பி

*

மார்ச் 20

தம்பிக்கு,

நீதான் என்று படித்ததும் முதலில் சிரிப்பு வந்தது. சின்ன வயசில் நீ விளையாட்டில் உன்னையே அவுட் என்று சொல்லிக்கொண்டு வெளியே போய் நிற்பாய். மற்ற பிள்ளைகள் உன்னைத் திரும்ப இழுத்து வருவார்கள். ஜட்ஜ் என்று பேர் வந்தது அதனால்தானே. இப்போது ஊரையே அவுட் ஆக்குகிறாய். இழுத்து வரத்தான் ஆளில்லை.

சிரிப்பு ரொம்ப நேரம் நிற்கவில்லை. வீட்டுக் கடன் தவணையைப் பற்றி எழுதியிருந்தாயே, அந்த வரியை மட்டும் இரண்டு தடவை படித்தேன். ஏன் என்று கேட்காதே.

வங்கியின் பிழை இல்லை. தாமதம் உண்மைதான். ஆகஸ்ட் மாதம். போதுமா?

நேற்று நான் ஒரு காரியம் செய்தேன். உன்னிடம் சொல்லாவிட்டால் சோறு இறங்காது. ஆகஸ்ட் தவணை தள்ளிப்போனது வங்கியில் கேட்கும்வரை அத்தானுக்குத் தெரியாது. பணம் போட்டு எடுப்பதெல்லாம் நானும் கணக்கு அண்ணனும்தான். மேனேஜர் சொன்னதிலிருந்து அத்தான் மனசுக்குள்ளேயே அரைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நேற்று விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தபோது எல்லார் முன்னாலும் கேட்டார். "அந்த ஆகஸ்ட் தவணை ஏன் நின்னுச்சு? பணம் இருந்துச்சே அப்ப?" வாய் தானாகத் திறந்தது. "கணக்கு அண்ணன் மறந்துட்டார்" என்றேன்.

அண்ணன் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். கணக்கு எழுத வந்த நாளிலிருந்து என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுகிறவர். அவர் எதையும் மறந்ததில்லை. ஆகஸ்டில் அந்தப் பணத்தை எடுத்து என் கையில் கொடுத்தவரே அவர்தான், எதற்கென்றும் அவருக்குத் தெரியும். என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு, "ஆமாங்க, என் தப்புதான்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். குழாயை ரொம்ப நேரம் திறந்தே விட்டிருந்தார். அத்தான் கத்தின கத்தலில் இஸ்திரி உருளையில் நின்ற பெண்கள் விரிப்பைச் சுருக்கத்தோடு உள்ளே விட்டுவிட்டார்கள்.

இன்று காலை அண்ணன் வேலைக்கு வரவில்லை.

பாய்லரை இப்போது ஒரு வேளைதான் ஏற்றுகிறோம். ஐந்து பெண்களை நிற்கச் சொல்லியாகிவிட்டது. வழி இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிடு. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

அக்கா

*

மார்ச் 28

அக்கா,

இதை நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

ஆகஸ்ட் என்று நீ எழுதியிருந்ததை ஆபீசில் வைத்துப் படித்தேன். டீ கொண்டு வந்தவர் வைத்துவிட்டுப் போன டீ அப்படியே ஆறிப்போனது. ஆகஸ்டில்தான் வாண்டுவுக்கு இதயத்தில் ஆபரேஷன். நீ ஒரு துணிப்பையோடு வந்தாய். வராந்தாவில் அந்தப் பச்சை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பையை என் மடியில் வைத்து, "இந்தத் தடவை ஆஸ்பத்திரிக்காரன் முன்னாடியே பணம் போட்டுட்டான்டா, அதிசயம்! சும்மா கிடக்குது, வச்சுக்கோ" என்று சிரித்தாய்.

எந்த ஆஸ்பத்திரி முன்னாடியே பணம் கொடுக்கும்? மூன்று மாதம் இழுத்தடிப்பார்கள் என்று நீயே எத்தனை தடவை புலம்பியிருக்கிறாய். நாள் முழுக்க அடுத்தவர் கணக்கில் ஓட்டை தேடுகிறவன் நான். எனக்கு அது தோன்றவில்லை. தோன்ற வேண்டாம் என்று இருந்துவிட்டேனோ என்று இப்போது பயமாக இருக்கிறது.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கட்டியது போக உன் பையில் கொஞ்சம் மீந்தது. அதில்தான் அந்த மாத வீட்டுக் கடன் தவணையைக் கட்டினேன். நாள் தவறாமல். போன கடிதத்தில் உனக்கே எழுதினேனே, மனம் வைத்தால் முடியும் என்று. நீ அந்த வரியை இரண்டு தடவை படித்தாய். ஒரு வார்த்தை திருப்பி எழுதியிருக்கலாம் இல்லையா? எழுதாமல் விட்டாயே, அதுதான் என்னைக் கொல்லுகிறது.

ஜனவரியில் அந்த நிபந்தனையை எழுதும்போது என் மனசில் இருந்தது நான்தான். எவ்வளவு கஷ்டம் வந்தாலும் ஒழுங்காகக் கட்டுகிறவன் இருக்கிறான், அவனுக்குத்தான் உதவ வேண்டும் என்று நினைத்தேன். என் தவணை நாளில் போனது, உன்னுடையது போகவில்லை. இரண்டும் ஒரே பணம். கோட்டுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ.

கணக்கு அண்ணனிடம் போய் நான் பேசட்டுமா? நிபந்தனையை மாற்ற முடியுமா என்று பார்க்கிறேன். உனக்காக மட்டும் இல்லை. உன்னைப் போல எத்தனை பேர் அந்தப் பக்கம் நிற்கிறார்களோ தெரியவில்லை.

உன் தம்பி

*

ஏப்ரல் 8

தம்பிக்கு,

இதற்காகத்தான் சொல்லாமல் இருந்தேன். தெரிந்தால் நீ இப்படி உருகுவாய், எனக்கு உன்னைத் தேற்றுகிற வேலையும் சேரும். பையன் பிழைத்தானா இல்லையா? கதவுமணியை அடித்துவிட்டு ஓடுகிறானா இல்லையா? அதோடு அந்தக் கதை முடிந்தது. அந்தப் பை உன் கைக்கு வந்த பிறகு அதில் நீ எதைக் கட்டினாய் என்று நான் கேட்கவில்லை, இனியும் கேட்க மாட்டேன்.

நிபந்தனையை மாற்றுகிறேன் என்று போய் வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே. அக்காவுக்காகச் சட்டத்தை வளைத்தான் என்று ஒருத்தன் வாய் திறந்தால் போதும், இத்தனை வருஷம் சேர்த்த பேர் போய்விடும்.

எனக்கு இப்போது உறுத்துவது நீ இல்லை, கணக்கு அண்ணன். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். மாடிப்படி ஏறிப் போய்க் கதவைத் தட்டினேன். அவர் மனைவி தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போனார்கள். அண்ணனிடம், "அவர்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன் அண்ணே" என்றேன். அவர் தலையை ஆட்டினார். "வேண்டாங்க. தம்பி பேரு இழுபடும். சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்" என்றார். தங்கச்சி என்று சொல்லவில்லை.

இறங்கி வரும்போது அவர் மனைவி படிவரைக்கும் கூட வந்து மெதுவாகச் சொன்னார்கள். மரக்கடை ஒன்றில் கணக்கு எழுத அவரைச் சேர்க்க இருந்தார்களாம். அந்த முதலாளி அத்தானைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். "நல்ல மனுஷன்தான், ஆனா தவணை நாளையே மறந்துடறார்" என்று அத்தான் சொல்லிவிட்டார். அந்த வேலை போனது.

அத்தான் பொய் சொல்லவில்லை. நான் சொன்னதைத் திருப்பிச் சொன்னார், அவ்வளவுதான். நான் வீட்டுக்கு வந்து வாயைத் திறக்கவில்லை. திறக்கத் திறக்க உன் முகம் வந்து நிற்கிறது. உன்னைக் காப்பாற்றுகிறேனா, என்னைக் காப்பாற்றுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

நகரத்தின் மறுகோடியில் பெரிய லாண்டரி ஒன்று இருக்கிறதே, அதன் முதலாளி வந்து எங்கள் உலர்த்தும் மெஷின்களைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவருக்கு வங்கி தாராளமாகக் கொடுக்கிறதாம். கடன் தேவைப்படாதவனைத் தேடிப் போய்க் கொடுக்கிறார்கள்.

அக்கா

*

ஏப்ரல் 26

அக்கா,

மாற்றிவிட்டேன். நீ வேண்டாம் என்று எழுதிய கடிதம் வரும்போது குறிப்பு மேலே போயிருந்தது.

வங்கிகளிடமிருந்து எண்களைக் கேட்டு வாங்கினேன். வந்த மனுக்களில் பாதிக்குமேல் ஏழாவது நிபந்தனையில்தான் அடிபட்டிருக்கின்றன. அதிலும் பெரும்பாலோருக்கு ஒரே ஒரு தாமதம். வங்கிகளுக்கும் அது வசதியாகப் போயிற்று. கடன் கொடுக்க மனசில்லாதவன் கையில் நான் ஒரு காரணத்தைக் கொடுத்திருக்கிறேன். இதையெல்லாம் குறிப்பில் எழுதினேன். எல்லாமே உண்மை.

எங்கள் தலைமை அதிகாரி அம்மாள் முழுவதையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா நீங்க போட்ட நிபந்தனையை நீங்களே எடுக்கச் சொல்றீங்க. உங்க சொந்தக்காரங்க யாராவது இதுல மாட்டியிருக்காங்களா?" என்றார்.

அக்கா, நான் இல்லை என்றேன்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் கோப்பு வேறு ஆளிடம் போகும், மே மாதம் தாண்டிவிடும், உன் ஒப்பந்தம் போய்விடும் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்குப் போட எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அத்தான் கேட்ட ஒரு போன் காலுக்குத் தட்டை விட்டு எழுந்தவன், ஒருத்தர் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லிவிட்டு, அவர் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

இனி ஒரே ஒரு தாமதம் இருந்தால் மன்னிக்கலாம். காரணத்தை எழுதி, முதலாளிகள் எல்லாரும், அதாவது நீயும் அத்தானும், கையெழுத்துப் போட்டு, வங்கி விசாரித்து ஏற்க வேண்டும். நகல் எங்கள் அலுவலகத்துக்கு வரும்.

அங்கேதான் சிக்கல். உண்மையான காரணத்தை எழுதினால் அதில் நான் வருகிறேன். தலைமை அதிகாரி பார்த்தால் நான் சொன்ன பொய் அன்றைக்கே வெளியே வரும். வேலை போகும். அது போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வாண்டுவின் மருந்துச் செலவு இன்னும் இருக்கிறது.

அதனால் கேட்கிறேன். கேட்கக் கூடாது என்று தெரிந்தே கேட்கிறேன். அத்தானிடம் நீ ஏற்கெனவே சொன்னதையே எழுதிவிடு. கணக்கரின் கவனக்குறைவு என்று ஒரு வரி. வங்கி அவரைக் கேட்டால் அவர் ஒத்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியும். ஒப்பந்தம் கைக்கு வந்ததும் அவரைத் திரும்ப வேலைக்குச் சேர்த்துக்கொள்ளலாம்.

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். இது என் கையெழுத்துதான், நம்ப முடியவில்லை.

தம்பி

*

மே 9

தம்பிக்கு,

மனுத்தாள் வந்தது. தாமதத்துக்கான காரணம் என்று போட்டு, நீளமாக ஒரு காலிக் கோடு. ராத்திரி சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு நானும் அத்தானும் உட்கார்ந்தோம். அவருக்கு முகத்தில் அத்தனை மாதம் கழித்து வெளிச்சம். உன்னைப் பற்றிக்கூட, "மச்சான் டிபார்ட்மென்ட்ல நல்ல மாத்தமா செஞ்சிருக்காங்க" என்றார். பேனாவை எடுத்துக்கொண்டு, "கணக்கர் மறந்துட்டார்னு எழுதணும், அவர் முழுப்பேர் என்ன?" என்று கேட்டார்.

எனக்குப் பேர் தெரியும். தாளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

சொல்லிவிட்டேன். பை, வராந்தா, ஆகஸ்ட், குழாயடியில் அண்ணன் கை கழுவியது, எல்லாவற்றையும். நீ வீட்டுத் தவணை கட்டியதை மட்டும் சொல்லவில்லை. அது உன்னுடையது.

அத்தான் கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் பரவாயில்லை. பேனா மூடியைத் தேடி எடுத்து மூடினார். "வாண்டுக்குன்னு கேட்டிருந்தா நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?" என்றார். சொல்லியிருக்க மாட்டார். எனக்கு அப்போதே தெரியும். கையேந்துகிறவனாக உன்னை அவர் பார்த்துவிடக் கூடாது என்றுதான் மறைத்தேன். என் தம்பிக்குக் கௌரவம் வேண்டும் என்று, என் புருஷனைக் கஞ்சனாக்கிவிட்டேன், ஒரு நல்ல மனிதரை மறதிக்காரர் ஆக்கிவிட்டேன்.

செருப்பை மாட்டிக்கொண்டு நேரே கணக்கு அண்ணன் வீட்டுக்குப் போனார். என்னைக் கூப்பிடவில்லை. திரும்பி வந்து, "திங்கக்கிழமை வராராம்" என்று மட்டும் சொன்னார்.

காலிக் கோடு காலியாகவே இருக்கிறது. உண்மையை எழுதினால் உன் வேலை போகும். மற்றதை எழுதினால், அண்ணன் காலத்துக்கும் எந்தக் கடையிலும் கணக்கு எழுத முடியாது. நீ கேட்டது எனக்குக் கஷ்டமாக இருந்தது தம்பி, பூசி மெழுக விரும்பவில்லை. ஆனால் நீ கேட்பதற்கு முன்பே அதே பொய்யைச் சொன்னவள் நான். உன்மேல் கல் எறிய எனக்குக் கை வரவில்லை. தாளை மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

மெஷின்களை வாங்கிக்கொள்ளச் சொல்லி, பெரிய லாண்டரி முதலாளிக்கு ஆள் அனுப்பியிருக்கிறோம்.

அக்கா

*

மே 20

அக்கா,

உன் கடிதம் வந்த மறுநாள் காலை தலைமை அதிகாரி அம்மாள் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கோப்பை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். "திருத்தம் சரியானது, அது இருக்கும். நீங்க இருக்க முடியாது" என்றார். திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். விசாரணை நடக்கும். அதுவரை கீழ்த்தளத்தில் பழைய கோப்புகளுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. வேலை அடியோடு போகாது என்கிறார்கள், பதவி உயர்வு இனிக் கிடையாது. வாண்டுவின் அம்மாவிடம் சொன்னேன். "அக்கா கொடுத்தது சும்மா கிடந்த பணம் இல்லன்னு எனக்கு அன்னிக்கே தெரியும், உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள்.

அக்கா, இனி மறைக்க ஒன்றுமில்லை. அந்தக் கோட்டில் உண்மையை எழுது. என் பேரைப் போட்டே எழுது. மெஷின்களைக் கொடுக்காதே. இரண்டு வாரம் பொறு.

அத்தானிடம் உண்மையைச் சொல்ல நீ நினைத்தபோதே சொல்லு என்று நான் எழுதியிருந்தால், மார்ச் மாதமே நான் வாய் திறந்திருந்தால், நாள் இருந்திருக்கும். பத்து நாள் தாமதத்துக்கு உன்னைக் கேள்வி கேட்டவன் நான்.

இதோடு ஒரு காசோலை வைத்திருக்கிறேன். நீ பையில் கொடுத்த தொகை. தயவுசெய்து வாங்கிக்கொள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

தம்பி

*

ஜூன் 4

ஜட்ஜ் தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்று லாரி வந்துவிட்டது. உலர்த்தும் மெஷின் இரண்டும், பெரிய உருளையும் போயின. ஆஸ்பத்திரி ஒப்பந்தமும் அந்தப் பெரிய லாண்டரிக்கே. எங்கள் பெண்களில் சிலரை அவர்கள் சேர்த்துக்கொண்டார்கள், சிலரைச் சேர்க்கவில்லை. சேர்க்காதவர்கள் என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய் நடக்கிறார்கள். மெஷின் இருந்த இடத்தில் தரை மட்டும் வேறு நிறத்தில் இருக்கிறது. அத்தான் அதைப் பார்க்காமல் சுற்றிப் போகிறார்.

முழுக்க மூடவில்லை. பழைய மெஷின் ஒன்றும் சின்ன பாய்லரும் இருக்கின்றன. தெருவில் உள்ள விடுதிகளின் விரிப்புகளைக் கேட்டு வாங்கியிருக்கிறோம். சின்னக் கடன் வரம்புக்கு மனுப் போட்டோம். அந்தக் கோட்டில், தம்பி மகனின் ஆபரேஷனுக்காகப் பணம் எடுக்கப்பட்டது, கணக்கர் மீது தவறு இல்லை என்று என் கையால் எழுதினேன். அத்தான் கையெழுத்துப் போட்டார். மேனேஜர் படித்தார், தொண்டையைக் கனைத்தார், "பாக்கலாம்மா" என்றார். முன்பு முடியாது என்றவர் பார்க்கலாம் என்கிறார். அதை வைத்துக்கொண்டு சமைக்க முடியாது, ஆனாலும் இருக்கட்டும். எதிரில் ஜிப் வைத்துத் தைக்கிற பைக்கடைக்காரருக்கு உன் திருத்தத்தால் பணம் வந்துவிட்டது. அவர் எழுதிய காரணம், பெண்ணுக்குப் பிரசவமாம். உனக்குச் சொல்லத் தோன்றியது.

காசோலையைத் திருப்பி அனுப்புகிறேன். கோபத்தில் இல்லை. அன்றைக்கு அந்தப் பையை உன் மடியில் வைத்தபோது எப்போது திரும்பும் என்று நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. இதை நான் வாங்கினால் அன்றைக்கு உனக்குக் கடன் கொடுத்தேன் என்றாகிவிடும். கடன் கேட்கவும் கட்டவும் எனக்கு வங்கி இருக்கிறது. நீ தம்பியாகவே இரு. தூக்கம் வராவிட்டால் வாண்டுவின் மருந்துக்கு இதை வைத்துக்கொள்.

அத்தான் இந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டார். "அந்த ஜட்ஜைச் சாப்பிட வரச் சொல்லு, சிபாரிசு கேக்க மாட்டேன்னும் எழுது" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வாருங்கள்.

கணக்கு அண்ணன் திங்கட்கிழமை சொன்னபடி வந்தார். அதே நாற்காலி, அதே பேனா. அத்தான் மரக்கடை முதலாளியிடம் போய் உண்மையைச் சொன்னார், அங்கே அதற்குள் வேறு ஆள் சேர்ந்துவிட்டார். அண்ணன் என்னிடம் முகம் கொடுத்துத்தான் பேசுகிறார், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் "முதலாளியம்மா, இதுல கையெழுத்து" என்கிறார். ஒவ்வொரு தடவையும் எனக்குச் சுருக்கென்கிறது. மன்னிச்சிடுங்க அண்ணே என்று இரண்டு முறை சொல்லிவிட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க முதலாளியம்மா" என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை அவரையும் குடும்பத்தோடு கூப்பிட்டிருக்கிறேன். வருவதாகச் சொன்னார். நீ அவர் பக்கத்தில் உட்கார், வாண்டுவை அவர் மடியில் உட்கார வை. நான் பரிமாறும்போது அவர் பழக்கத்தில் மறந்துபோய் ஒருதரம், "போதும் தங்கச்சி" என்று சொல்லிவிட மாட்டாரா என்று இப்போதிருந்தே காத்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா